திரைக்குப் பின்னால் ஒரு வயலின்

(நூற்றாண்டு விழாவின்போது பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வைத்தியர்களைப் பேச அழைத்தால் நீரிழிவு பற்றியோ இரத்த அழுத்தம் பற்றியோதான் பேசுவார்கள் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். இன்றைக்கு அவற்றை விட்டுவிடுவோம். பிள்ளைகளுக்குத் தொழில் பற்றி ஏதாவது சொல்லும்படி சங்கம் கேட்டது. தொழில் வழிகாட்டல் வகுப்பில் ஒருநாளும் பேசப்படாத ஒரு தொழிலை எடுத்துக்கொண்டோம். மேலைநாட்டுச் சிம்பொனி இசைக்குழுவில் சம்பளத்துக்கு வயலின் வாசிப்பவரின் தொழில் அது.

இதைத் தெரிவு செய்ததற்கு நூறு என்ற எண்தான் காரணம். ஜேர்மனியின் புகழ்பெற்ற பேர்லின் பில்ஹார்மோனிக் இசைக்குழு 1882 இல் தொடங்கப்பட்டது. அதில் முதன்முதலாக ஒரு பெண் உறுப்பினரானது 1982 இல். அவர் சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த மடலேன் கருசோ என்னும் வயலின் கலைஞர். ஒரு பெண்ணைச் சேர்த்துக்கொள்ள அந்த இசைக்குழுவுக்கு நூறு ஆண்டுகள் தேவைப்பட்டன. அதே அளவு காலத்தில் நம் பாடசாலை எத்தனை ஆயிரம் பெண்பிள்ளைகளை வெளியுலகுக்கு அனுப்பியிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். அனுப்பிய பிள்ளைகளுக்கு வெளியே கதவு எப்படித் திறந்தது, திறந்த பின் உள்ளே நிலைக்க என்ன தேவைப்பட்டது என்பதுதான் இன்றைய பேச்சு.

முதலில் அந்த வேலை என்ன என்று பார்ப்போம். பெரிய சிம்பொனி இசைக்குழு ஒன்றில் எண்பது முதல் நூறு பேர் வரை இருப்பார்கள். அவர்களில் ஏறக்குறைய முப்பது பேர் வயலின் வாசிப்பவர்கள். முதல் வயலின், இரண்டாம் வயலின் என்று இரு பிரிவாக அமர்வார்கள். இரண்டு பேருக்கு ஒரு இசைத்தாள் தாங்கி. பக்கம் முடியும்போது உட்பக்கம் இருப்பவர் வாசிப்பை நிறுத்தித் தாளைத் திருப்புவார், மற்றவர் விடாமல் வாசிப்பார். வில் மேலே போவதா கீழே வருவதா என்பதையும் தலைமை வயலின் கலைஞர்தான் தீர்மானிப்பார். பதினாறு பேர் வாசித்தாலும் ஒரே வயலின் போலக் கேட்க வேண்டும்.

நம் வயலின் வேறு விதம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாலுஸ்வாமி தீட்சிதர் போன்றோர் அதைக் கர்நாடக சங்கீதத்துக்குக் கொண்டுவந்தபோது, தரையில் சப்பாணி கட்டி அமர்ந்து, வயலினின் தலைப்பகுதியைக் கணுக்காலில் ஊன்றி வாசிக்கும் முறை வந்தது. வயலினைக் கால் தாங்குவதால், கமகத்துக்கு இடக்கை தாராளமாக வழுக்கிச் செல்லும். மேலைநாட்டு முறையில் அதே வயலினைத் தாடையும் தோளும் தாங்குகின்றன. ரொறன்ரோவிலும் லண்டனிலும் மெல்பேணிலும் இருக்கும் எங்கள் தோழிகளின் பிள்ளைகள் சிலர் இரண்டு முறையையும் படிக்கிறார்கள். இந்த வித்தியாசத்தை நினைவில் வையுங்கள், உடம்பைப் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

இந்த வேலைக்கு எப்படிச் சேர்கிறார்கள்? ஒரு வெற்றிடத்துக்கு நூற்றுக்கணக்கானோர் விண்ணப்பிப்பதுண்டு. தெரிவுப் பரீட்சையில் பெரும்பாலும் மோசார்ட்டின் வயலின் கொன்சேர்ட்டோ ஒன்றில் ஒரு பகுதி கேட்பார்கள். பிறகு இசைக்குழுப் படைப்புகளிலிருந்து கடினமான துண்டுகள் வரும். ரிச்சார்ட் ஸ்ட்ராவுஸின் டொன் ஹுவானின் முதற்பக்கத்தைப் பல மாதம் சாதகம் செய்தவர்கள் ஏராளம். ஐந்து வயதில் தொடங்கி இருபது வருடம் படித்த படிப்பைச் சில நிமிடங்களில் காட்ட வேண்டும். சில துண்டுகள் வாசித்ததும் “நன்றி” என்று ஒரு குரல் வரும். அதோடு முடிந்துவிடும்.

இவ்வளவு கடுமையான பரீட்சை என்றால் திறமை ஒன்றுதானே தீர்மானிக்கும் என்று நினைப்போம். வரலாறு வேறு விதமாகச் சொல்கிறது. 1913 இல் லண்டனில் ஹென்றி வூட் தமது குயீன்ஸ் ஹோல் இசைக்குழுவில் ஆறு பெண்களைச் சேர்த்தபோது அது பெரிய செய்தியாக இருந்தது. 1842 இல் தொடங்கிய வியன்னா பில்ஹார்மோனிக் 1997 வரை பெண்களை உறுப்பினராக்கவே இல்லை. அன்னா லெல்கெஸ் என்ற ஹார்ப் கலைஞர் அதே குழுவில் உறுப்புரிமை இல்லாமல் இருபது வருடத்துக்கு மேல் வாசித்துக்கொண்டிருந்தார். 1997 இல் உறுப்புரிமை பெற்ற முதல் பெண்ணும் அவர்தான். அவருடைய விரல்கள் அந்த வருடம் திடீரென்று திறமை பெறவில்லை. சட்டம்தான் மாறியது.

அமெரிக்காவில் சில இசைக்குழுக்கள் ஒரு எளிய வழியைக் கண்டன. வாசிப்பவருக்கும் நடுவர்களுக்கும் இடையே ஒரு திரை கட்டினார்கள். பொஸ்டன் இசைக்குழு 1952 இலேயே அதைத் தொடங்கியது. மற்றவை பெரும்பாலும் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் பின்தொடர்ந்தன. நடந்து வரும் காலணிச் சத்தத்தில் ஆணா பெண்ணா என்று தெரிந்துவிடும் என்பதற்காகச் சில இடங்களில் கம்பளம் விரித்தார்கள், சில இடங்களில் காலணியைக் கழற்றச் சொன்னார்கள். அந்த நாட்டின் முன்னணி ஐந்து இசைக்குழுக்களில் 1970 இல் நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவாக இருந்த பெண்கள், 1997 இல் நூற்றுக்கு இருபத்தைந்து ஆனார்கள். இந்த மாற்றத்தில் திரையின் பங்கை ஆராய்ந்து 2000 ஆம் ஆண்டில் கட்டுரை எழுதியவர்கள் குளோடியா கோல்டினும் சிசிலியா ரவுஸும். கோல்டின் 2023 இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றவர். மாற்றத்தில் திரைக்கு எவ்வளவு பங்கு என்ற கணக்கைப் பற்றிப் பின்னர் விவாதம் எழுந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனாலும் முகத்தைப் பார்க்காமல் கேட்பது நியாயம் என்பதை விளங்கிக்கொள்ளக் கணக்குத் தேவையில்லை.

திரை ஒன்று போதுமா? போதாது. திரை வாசல்வரைதான் வரும். உள்ளே போன பின் ஓராண்டோ இரண்டாண்டோ தகுதிகாண் காலம். அதன் முடிவில் சக கலைஞர்கள் வாக்களிக்கும் வழக்கம் பேர்லினில் இருக்கிறது. கருசோ சேர்ந்த அதே காலத்தில், கிளாரினெட் கலைஞரான சபீனே மேயரைச் சேர்க்க இசை நடத்துனர் கராயன் விரும்பினார். உறுப்பினரில் மிகப் பெரும்பான்மையோர் எதிர்த்தார்கள். அவருடைய ஒலி தங்கள் ஒலியோடு கலக்கவில்லை என்று காரணம் சொல்லப்பட்டது. 1984 இல் அவர் விலகினார், பின்பு தனிக்கலைஞராக உலகப் புகழ் பெற்றார். வியன்னா பில்ஹார்மோனிக்கில் அல்பேனா டனாய்லோவா 2011 இல் தலைமை வயலின் கலைஞர்களில் ஒருவரானார். பேர்லினில் அந்த இருக்கைக்கு ஒரு பெண், வினேட்டா சரேய்கா, 2023 இல்தான் வந்தார். கதவுக்கும் முதல் நாற்காலிக்கும் இடையே பேர்லினில் மட்டும் நாற்பத்தொரு வருடத் தூரம்.

இனி எங்கள் தொழில் பக்கத்துக்கு வருவோம். வயலின் வாசிப்பவரின் கழுத்தின் இடப்பக்கத்தில், தாடைக்குக் கீழே, கருமையான ஒரு தடிப்பு இருக்கும். தெரியாத வைத்தியர் அதை வேறு நோய் என்று எண்ணக்கூடும். இடக்காது வயலினுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் அந்தக் காதுக்கு ஒலி அதிகம். தலையைச் சாய்த்து, இடக்கையைத் திருப்பி, வலக்கையை உயர்த்தியபடி ஒரு நாளைக்குப் பல மணித்தியாலம் இருப்பதைக் கழுத்தும் தோளும் சும்மா விடுவதில்லை. அவுஸ்திரேலியாவின் எட்டு இசைக்குழுக்களில் 377 கலைஞர்களை ஆராய்ந்து 2012 இல் வெளியிட்ட முடிவின்படி, அவர்களில் நூற்றுக்கு எண்பத்து நான்கு பேர் எப்போதாவது வாசிப்பைப் பாதிக்கும் அளவுக்கு நோவு அனுபவித்தவர்கள்.

லண்டனில் ரோயல் ஒபரா ஹவுஸில் வயோலா வாசித்த கிறிஸ்தோபர் கோல்ட்ஷைடர் 2012 இல், வாக்னரின் படைப்பு ஒன்றின் ஒத்திகையில், பித்தளை ஊதுகருவிகளுக்கு நேர் முன்னால் அமர்த்தப்பட்டார். அந்த ஒலியால் அவருடைய செவிப்புலன் பாதிக்கப்பட்டது, தொழிலும் போனது. 2018 இல் மேல் நீதிமன்றமும் 2019 இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தன. கலை என்பதற்காகக் காதைப் பலி கொடுக்கத் தேவையில்லை, இசைக்குழுவும் ஒரு வேலைத்தலம்தான் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

மேடைப் பயத்துக்கும் ஒரு எண் இருக்கிறது. 1987 இல் அமெரிக்க இசைக்குழுக் கலைஞர்களிடையே எடுத்த கணக்கெடுப்பில், நூற்றுக்கு இருபத்தேழு பேர் கை நடுக்கத்தைக் குறைக்கும் புரொப்பிரனலோல் போன்ற மாத்திரைகளை எடுத்ததாகச் சொன்னார்கள். பலர் வைத்தியரைக் கேட்காமலே எடுத்தவர்கள். பிள்ளைகளே, பரீட்சைக்கோ மேடைக்கோ சிநேகிதி தந்த மாத்திரையை விழுங்காதீர்கள். தொய்வு உள்ளவருக்கு அந்த மாத்திரை உயிராபத்தை உண்டாக்கலாம்.

இவற்றிலிருந்து நாம் எடுத்துப் போகக்கூடியவை மூன்று என்று நினைக்கிறோம்.

முதலாவது, இங்கே இருப்பவர்களில் பலர் இன்று நேர்முகப் பரீட்சைச் சபைகளில் அமர்பவர்கள். அதிபர்கள், வங்கி முகாமையாளர்கள், விரிவுரையாளர்கள், வைத்திய நிபுணர்கள் இருக்கிறீர்கள். உங்கள் மேசைக்கு வரும் விண்ணப்பத்தில் பெயர், ஊர், பாடசாலை இவற்றை மறைத்துவிட்டு முதல் வாசிப்பு வாசிக்க முடியுமா என்று பாருங்கள். நம் பாடசாலைப் பெயரைக் கண்டதும் மனம் இளகும் அல்லவா? அதையும் சேர்த்துத்தான் மறைக்க வேண்டும்.

இரண்டாவது, வீட்டில் வயலினோ வீணையோ மிருதங்கமோ படிக்கும் பிள்ளை “நோகுது” என்றால், “பஞ்சி” என்று பதில் சொல்லாதீர்கள். சாதகத்தை நடுவில் நிறுத்தி ஓய்வு கொடுங்கள். பிள்ளையின் உடம்புக்கு ஏற்ற அளவுக் கருவி வாங்குங்கள். விரல் மரத்தாலோ காதில் இரைச்சல் கேட்டாலோ இரண்டு கிழமைக்குள் வைத்தியரிடமோ இயன்மருத்துவரிடமோ காட்டுங்கள். சாதாரண தரப் பரீட்சை வந்ததும் கருவியை அலுமாரிக்கு மேலே ஏற்றிவிடும் வழக்கத்தையும் கொஞ்சம் யோசியுங்கள். திரைக்குப் பின்னால் நிற்கும் வரை வந்தவருக்குத்தான் திரை நியாயம் செய்யும். பாதி வழியில் நிறுத்தப்பட்ட பிள்ளை அங்கே போய் நிற்கப் போவதில்லை.

மூன்றாவது, தகுதிகாண் காலம். எந்தத் தொழிலிலும் முதல் இரண்டு வருடம்தான் கடினம். நாங்கள் உள்ளகப் பயிற்சியில் இருந்தபோது, பக்கத்தில் நின்று “இதை இப்படிச் செய்” என்று மெதுவாகச் சொன்ன ஒரு அக்கா பத்துப் பாராட்டுரைக்குச் சமம். இந்தச் சங்கம் உலகெங்கும் கிளை விட்டிருக்கிறது. புதிதாக ஒரு நாட்டுக்கோ ஒரு வேலைக்கோ போகும் தங்கை ஒவ்வொருத்திக்கும், அதே துறையில் இருக்கும் ஒரு அக்காவை இரண்டு வருடத்துக்குப் பெயர் குறித்து ஒப்படைக்கலாமே. பணம் திரட்டத் தேவையில்லை, ஒரு பட்டியல் போதும். எங்கள் வகுப்பில் இருக்கும் வைத்தியர்களின் பெயர்களை இன்று செயலாளரிடம் கொடுத்துவிட்டோம். மற்றத் துறையினரும் வெளியே மேசையில் இருக்கும் கொப்பியில் பெயரை எழுதிவிட்டுத் தேநீருக்குப் போகும்படி கேட்டுக்கொள்கிறோம்.

ஒரு தாங்கிக்கு இரண்டு பேர் அமர்வதைச் சொன்னோம். ஒருவர் தாளைத் திருப்புவதால்தான் மற்றவர் நிறுத்தாமல் வாசிக்கிறார். நமக்காகத் தாள் திருப்பிய ஆசிரியர்கள் முன்வரிசையில் இருக்கிறார்கள். அவர்களை வணங்கி விடைபெறுகிறோம்.