அறுவைக்குப் பின்னும் ஒரு காவல்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நாம் மருத்துவர் அல்லோம். ரயில்வே அலுவலகத்தில் கோப்புகளோடு காலங்கழிக்கும் எழுத்தர். எனினும் நம் காலனிக் குடும்பம் ஒன்றில் நரம்புக் கட்டி நோய் புகுந்தபோது உடனிருந்து கேட்டறிந்தவையும், பின்னர்ப் படித்தறிந்தவையும் பிறர்க்குப் பயன்படும் எனக் கருதி, அவற்றுட் சிலவற்றை இங்கு உரைக்க விழைகின்றோம்.

நரம்புகளைச் சுற்றி உறைபோல் அமைந்த உயிரணுக்கள் உண்டு. ஜெர்மானிய அறிஞர் தியோடர் ஷ்வான் பெயரால் அவை வழங்குகின்றன. அவற்றில் தோன்றும் கட்டிக்கு ஷ்வானோமா என்று பெயர். செவிக்கும் மூளைக்கும் இடையே செல்லும் எட்டாம் நரம்பில் இது தோன்றினால், ஒரு காது மெல்ல மந்தமாகும், இடையறாத இரைச்சல் கேட்கும், நடை தள்ளாடும். இது புற்றுநோய் வகையைச் சேர்ந்ததன்று. பெரும்பாலும் மெல்லவே வளரும். ஆயினும் மண்டையோட்டினுள் இடம் குறைவாதலின், பெரிதாகிவிட்டால் மூளைத்தண்டையே நெருக்கும்.

"கட்டியைத்தான் எடுத்தாயிற்றே, இன்னும் ஆண்டுதோறும் படம் எதற்கு?" என்று பலரும் வினவுகின்றனர். முகத்தை இயக்கும் ஏழாம் நரம்பு, எட்டாம் நரம்பை ஒட்டியே செல்கின்றது. பெரிய கட்டியின்மீது அது நூல்போல் மெலிந்து ஒட்டிக் கிடக்கும். கட்டி முழுவதையும் பிரித்தெடுக்க முயன்றால் அந்நரம்பு அறுபடலாம், முகம் கோணலாம், கண் மூடாமற் போகலாம். ஆதலின் சில வேளைகளில் மருத்துவர் ஒரு சிறு துணுக்கை வேண்டுமென்றே விட்டுவைக்கின்றார். அத்துணுக்கு அப்படியே கிடக்கலாம்; மீண்டும் வளரவும் கூடும். முழுவதும் எடுக்கப்பட்டவர்க்கும், அரிதாகவேனும், பல ஆண்டுகள் கழிந்து கட்டி மீள்வதுண்டு.

அமெரிக்க அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங் 1917இல் இக்கட்டிகளைப் பற்றித் தனி நூலே வெளியிட்டார். அந்நாளில் மண்டையினுள் கட்டி மீள்வதை நேரே கண்டறியும் வழி இல்லை. 1971இல் லண்டனில் முதல் நோயாளிக்கு சி.டி. படம் எடுக்கப்பட்டது. காந்தத்தின் துணையால் எடுக்கும் எம்.ஆர்.ஐ. படத்திற்கு அடிகோலிய லாட்டர்பர், மான்ஸ்ஃபீல்டு இருவரும் 2003இல் நோபல் பரிசு பெற்றனர். இதில் எக்ஸ்ரே கதிர் இல்லை. ஆதலின் ஆண்டுகள் பல தொடர்ந்து எடுப்பதற்கு இது ஏற்றது.

கடோலினியம் கலந்த மருந்தை ரத்தக் குழாயில் செலுத்திப் படம் எடுக்கும்போது கட்டி வெண்மையாக ஒளிரும். ஆனால் அறுவையின் தழும்பும் அவ்வாறே ஒளிர்வதுண்டு! கோடுபோல் மெலிந்து ஒளிர்வது பெரும்பாலும் தழும்பு. முடிச்சுப்போல் திரண்டிருப்பின் ஐயத்திற்கு இடமுண்டு. பழைய படத்தோடு ஒப்பிட்டாலன்றி உறுதி கூறுதல் அரிது. இதற்காகவே அறுவைக்குச் சில திங்கள் கழித்து முதற்படம் எடுத்து வைக்கின்றனர். அடுத்து எத்தனை காலத்திற்கு ஒருமுறை என்பதை மருத்துவரே வகுப்பார்.

மாற்றல் உத்தரவு வந்தால் மூட்டை கட்டும் நமக்கு இது மிக முக்கியம். அன்பர் ஒருவர் ஊர் மாறியபோது, சாமான்களோடு பழைய பிலிம்களும் தொலைந்தன. புதிய ஊரில் எடுத்த படத்தில் சிறு வெண்மை தெரிந்தது. தழும்பா, கட்டியா? ஒப்பிடப் படமில்லை. ஆறு திங்கள் காத்திருந்து மீண்டும் எடுக்கும்படி ஆயிற்று. அந்த ஆறு திங்களும் அவ்வீட்டு அம்மையார் கண்ணுறங்கவில்லை. மறுபடத்தில் மாற்றம் ஏதுமில்லை. பழைய பிலிம் கையிலிருந்திருந்தால், அவ்விடை அன்றே கிடைத்திருக்கும்.

ஆகவே பிலிம், குறுந்தகடு, அறுவைக் குறிப்பு ஆகியவற்றை வீட்டுப் பத்திரத்தோடு வைத்துக் காப்பீர்களாக. உடலில் பேஸ்மேக்கரோ உலோகமோ இருப்பினும், சிறுநீரகக் கோளாறு இருப்பினும் படம் எடுக்கும் முன்னரே கூறிவிடுக. வலியில்லை என்று தவணையைத் தள்ளற்க. வளரும் துணுக்கு நெடுநாள் ஓசையின்றி இருக்கக்கூடும்.

பழுது பார்த்த பாதையிலும் கீமேன் நாள்தோறும் நடந்து பார்க்கிறார். அவருடைய நடையை நம்பியன்றோ வண்டி ஓடுகின்றது! உடலுக்கும் அத்தகைய காவல் வேண்டும் எனக் கூறி விடைபெறுகின்றோம்.