டோனாவூர் அம்மை



நம் பகுதியில் பிறருக்கென உழைத்து மறைந்த ஒருவரைப் பற்றிப் பேசுமாறு வானொலி நிலையத்தார் என்னைப் பணித்தனர். என் நினைவில் முதலில் தோன்றியவர் இம்மண்ணில் பிறந்தவரே அல்லர். அயர்லாந்தில் 1867ஆம் ஆண்டு பிறந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் அவர்.

1895இல் இந்தியாவுக்கு வந்த அவர், மறு ஆண்டு திருநெல்வேலிச் சீமையை அடைந்தார். தமிழ் பயின்றார், சேலை உடுத்தினார், தமிழ்ப் பெண்கள் சிலருடன் மாட்டுவண்டியில் ஊர் ஊராகச் சென்று தம் சமயத்தைப் பரப்பினார். அவர் வந்ததே அதற்குத்தான். அதை மறைத்துப் பேசுவது முறையன்று.

தாமிரபரணிப் பாசனத்தில் செழித்த ஊர் பெருங்குளம். அங்கே கோயிலுக்குப் பொட்டுக் கட்டுவதற்கென ஒப்படைக்கப்பட்டிருந்த ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி, தூத்துக்குடியிலிருந்த தாயிடம் ஓடினாள். தாய் அவளைத் திரும்ப ஒப்படைத்துவிட்டாள். சிறுமியின் கைகளில் சூடு போட்டார்கள். 1901 மார்ச்சில் அவள் மீண்டும் தப்பி, பண்ணைவிளையில் இருந்த அம்மையாரிடம் அடைக்கலம் புகுந்தாள்.

அவளுக்குப் பின் வேறு குழந்தைகளும் வந்தனர். கைக்குழந்தைகளை வைத்துக்கொண்டு வண்டியேறி ஊர்சுற்ற முடியுமா? பால் காய்ச்ச வேண்டும். நகம் வெட்ட வேண்டும். காய்ச்சல் கண்டால் இரவெல்லாம் விழித்திருக்க வேண்டும். இதற்காகவா கடல் கடந்து வந்தோம் என்ற கேள்வி அவருக்கும் எழுந்தது. இருந்தும் பயணத்தை விட்டுத் தொட்டிலருகே அமர்ந்தார். அவர் வீட்டையும் நாட்டையும் துறந்ததைவிட இதையே பெரிய துறவு என்பேன்.

களக்காட்டை அடுத்த டோனாவூரில் அவ்வில்லம் வளர்ந்தது. டோனா என்ற ஜெர்மானியப் பிரபுவின் பெயர் தாங்கிய ஊர் அது! அங்கே தொண்டாற்றியோர்க்குச் சம்பளம் கிடையாது. 1918 முதல் ஆண் குழந்தைகளையும் ஏற்றனர். பின்னர் மருத்துவமனையும் எழுந்தது. குழந்தைகளைக் கவர்ந்து செல்கிறார் என்ற குற்றச்சாட்டும் அம்மையார்மேல் எழுந்தது, வழக்கும் நடந்தது. பிள்ளையைப் பிரிந்த தாயின் பக்கத்தையும் நாம் எண்ணிப் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் பொட்டுக் கட்டும் வழக்கத்தைத் தடுக்கும் சட்டம், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி போன்றோரின் நெடும் போராட்டத்துக்குப் பின், சென்னை மாகாணத்தில் 1947இல்தான் வந்தது. அதுவரை அக்குழந்தைகள் காத்திருக்க இயலுமா?

தலைமையாசிரியனாக இருந்த எனக்கு மிகவும் பிடித்த செய்தி ஒன்று உண்டு. பிறந்த தேதி தெரியாத பிள்ளையைச் சேர்க்க வரும் பெற்றோரிடம், ஏதேனும் ஒரு தேதியைக் கேட்டுப் பதிவேட்டில் எழுதிக்கொள்வது எங்கள் பள்ளிகளின் பழைய வழக்கம். டோனாவூரிலோ, பிறந்தநாள் அறியாத குழந்தைக்கு அது இல்லம் வந்து சேர்ந்த நாளையே திருநாளாகக் கொண்டாடினர். 'நீ வந்த நாள்' என்று சொல்லிப் பூ வைப்பதற்கும், பொய்த் தேதி எழுதுவதற்கும் எவ்வளவு வேறுபாடு!

1931 அக்டோபரில் களக்காட்டில் ஒரு வீட்டைப் பார்க்கச் சென்ற அம்மையார், மாலையிருட்டில் புதிதாக வெட்டிய குழியில் விழுந்தார். கால் முறிந்தது, முதுகெலும்பும் பாதிக்கப்பட்டது. அதன்பின் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் அறையே உலகமாயிற்று. படுத்தபடியே நூல்கள் எழுதினார். பக்கத்துக் கட்டடங்களில் இருந்த பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதினார். இந்தியாவுக்கு வந்த நாள்முதல் ஒருமுறைகூடத் தாயகம் திரும்பவில்லை.

1951 ஜனவரி 18ஆம் நாள் தம் எண்பத்து மூன்றாம் வயதில் மறைந்தார். தம் கல்லறைமேல் நினைவுக்கல் கூடாதென்று முன்பே சொல்லியிருந்தார். பிள்ளைகள் அச்சொல்லை மீறவில்லை. பறவைகள் நீர் அருந்தவென்று ஒரு கல்தொட்டியை அங்கே வைத்து, அதில் 'அம்மை' என்று மட்டும் பொறித்தனர்.