வலிக்குச் சாட்சி நோயாளிதான்

இன்று பட்டம் பெறும் தாதியரே,

ஒரு காலத்தில் இந்த லுக்குட் வட்டார ரப்பர் தோட்டங்களில் வலி என்றால் தோட்ட மருத்துவ உதவியாளரான டிரசரிடம்தான் போய் நிற்க வேண்டும். அது மெய்யான வலியா, காலை ஆள் கணக்கெடுப்பான பெரட்டுக்கு வராமலிருக்கச் சாக்கா என்று அவர்தான் தீர்ப்புச் சொல்வார். விடுப்புச் சீட்டு கிடைக்காதவர் பால்வாளியைத் தூக்கிக்கொண்டு மரநிரைக்குப் போக வேண்டியதுதான். இன்று அந்தத் தீர்ப்பு உங்கள் கைக்கு வருகிறது.

நம் மலேசியச் சுகாதார அமைச்சு 2008இல் வலியை ஐந்தாவது உயிர்நிலைக் குறியாக ஏற்றது. நாடி, மூச்சு, இரத்த அழுத்தம், காய்ச்சல் பார்க்கும்போதே வலி 0 முதல் 10 வரை எவ்வளவு என்று கேட்டு எழுத வேண்டும். கேட்பது சுலபம், நம்புவதுதான் சிரமம். வலி எவ்வளவு என்பதில் நோயாளியின் சொல்லே முடிவு என்று 1968இல் எழுதிய மார்கோ மெக்காஃப்ரியும் ஒரு தாதிதான்.

உங்களில் சிலர் போர்ட்டிக்சன் மருத்துவமனைக்குப் போவீர்கள், சிலர் சிரம்பானுக்கு. செம்பனைக் குலை விழுந்து தோளெலும்பு முறிந்தவரிடம் இரவுப் பணியில் கேட்பீர்கள். "பரவால்ல மிஸி" என்பார். கையோ கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்திருக்கும். 2 என்று எழுதிவிட்டு நகராதீர்கள். "இருமினா எப்படி இருக்கு? திரும்பிப் படுத்தா?" என்று கேளுங்கள். பதில் மாறும். பக்கத்துக் கட்டிலில் ஒருவர் கைப்பேசியில் படம் பார்த்துச் சிரித்தபடியே 8 என்பார். நடிக்கிறார் என்று முடிவு கட்டாதீர்கள். வலியை மறக்கச் சிரிப்பவர்களும் உண்டு. வங்காளதேசத் தொழிலாளிக்கு நம் மொழி வராவிட்டால், வலியின் அளவைக் காட்டும் முகப் படங்களைக் காட்டிக் கேளுங்கள்.

வலிக்கு மார்ஃபின் என்றதும் நோயாளி அடிமையாகிவிடுவாரோ, மூச்சு நின்றுவிடுமோ என்ற பயம் வரும். பயந்து மருந்தைத் தள்ளிப்போடுவது பாதுகாப்பு ஆகாது. கொடுங்கள், மூச்சை எண்ணுங்கள், மயக்கத்தைக் கவனியுங்கள், திரும்பி வந்து வலியைக் கேளுங்கள். மூச்சு தளர்ந்தால் நிறுத்தி, உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். அவர் எழுதிய அளவு போதாவிட்டாலும் நள்ளிரவென்று பார்க்காமல் கூப்பிடுங்கள். திட்டு விழலாம்; நோயாளிக்காக வாங்கும் திட்டில் அவமானம் இல்லை. கொடுக்காத மருந்தைக் கொடுத்ததாக மட்டும் ஒருநாளும் எழுதாதீர்கள்.

வார்டில் ஆள் போதாது. எல்லாரிடமும் ஒரே நேரத்தில் போக முடியாது. யாரிடம் முதலில் போவது என்பதைச் சத்தம் போடுபவர் தீர்மானிக்க விடாதீர்கள். வாய் திறக்காதவரிடமும் போய்க் கேட்கும் தாதியராக இருங்கள்.