வேறுபாடு வேறு, பாகுபாடு வேறு



அரசாங்கம் எல்லாரையும் ஒன்றுபோல் நடத்த வேண்டும் என்கிறோம். ஆனால் அதிகம் சம்பாதிப்பவருக்கு வருமான வரி விகிதம் கூடுதல். ஏழைக் குடும்பத்திற்கு மட்டும் உதவித்தொகை. இவையும் வேறுபாடுதானே? அப்படியானால் எது செல்லும், எது செல்லாது?

1970களில் டத்தோ ஹருன் இட்ரிஸ் வழக்கில் நமது கூட்டரசு நீதிமன்றம் இதற்கு வழிகாட்டியது. முதல் கேள்வி, சட்டம் மக்களை வேறுபடுத்துகிறதா? ஆம் என்றால், அரசியலமைப்புச் சட்டமே அதை அனுமதிக்கிறதா? 153ஆவது விதியில் வரும் ஒதுக்கீடுகள் அந்த வகை. அப்படி நேரடி அனுமதி இல்லையென்றால் இரண்டு சோதனைகள் உண்டு. யார் உள்ளே, யார் வெளியே என்று பிரிக்கும் கோடு தெளிவாக இருக்கிறதா? அந்தக் கோட்டுக்கும் சட்டத்தின் நோக்கத்துக்கும் நியாயமான தொடர்பு இருக்கிறதா? வருமான வரி இதில் தேறிவிடும்.

சில கோடுகளை 8ஆவது விதியே தடுக்கிறது. சமயம், இனம், வம்சாவளி, பிறந்த இடம் ஆகியவற்றோடு 2001-இல் பாலினமும் சேர்ந்தது. அதன் பலன் ஒரு வழக்கில் தெரிந்தது. 2009-இல் தற்காலிக ஆசிரியையாக நியமிக்கப்பட்ட ஒரு பெண், தாம் கர்ப்பமாக இருப்பதைச் சொன்னதும் நியமனம் மீட்டுக்கொள்ளப்பட்டது. பிரசவத்தின்போது வரமாட்டார், மாற்று ஆள் தேட வேண்டும் என்றது அரசுத் தரப்பு. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் கர்ப்பம் பெண்ணுக்கு மட்டுமே உரியது. அதைக் காரணம் காட்டி வேலையை மறுப்பது பாலினப் பாகுபாடே என்று 2011-இல் ஷா ஆலம் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. 2005-இல், கர்ப்பத்தால் வேலை இழந்த விமானப் பணிப்பெண் ஒருவர் தோற்றார். 8ஆவது விதி அரசாங்கத்தைத்தான் கட்டுப்படுத்தும், முதலாளிகளை அல்ல என்றது கூட்டரசு நீதிமன்றம். கர்ப்பிணியை அந்தக் காரணத்திற்காக வேலையிலிருந்து நீக்குவதைத் தடுக்கும் வேலைச் சட்டத் திருத்தம் 2023 ஜனவரி முதல் தேதிதான் தீபகற்பத்தில் நடப்புக்கு வந்தது.

ஆகவே நேயர்களே, அரசு இலாகா உங்களுக்கு ஒன்றை மறுத்தால், "அநியாயம்" என்று வீட்டுக்குள் புலம்பிப் பயனில்லை. காரணத்தை எழுத்தில் கேளுங்கள். நீதிமன்றம் எடைபோடுவது அந்தக் காரணத்தைத்தான். நீதிமன்ற மறுஆய்வுக்கு மனுச் செய்ய, முடிவு தெரிந்த நாளிலிருந்து மூன்று மாத அவகாசமே உண்டு. கடிதம் கிடைத்த தேதியைக் குறித்து வையுங்கள்.