முதிரை மரம்



வன்னி நாட்டிலும் கீழ்மாகாணத்திலும் ஒரு வீட்டின் உறுதியைப் பற்றிப் பேசுங்கால், முதிரை நிலை வைத்த வீடு என்று கூறிவிட்டால் வேறு சான்று கேட்பாரில்லை. பழைய நூல்களிலும் நிகண்டுகளிலும் முதிரை என்னுஞ் சொல் பயறு வகைகளைக் குறிக்கும். இங்கு எடுத்துக்கொண்டதோ அதுவன்று. ஈழத்தின் வறண்ட வலயக் காடுகளில் வளரும் வைரமரம். சிங்களத்தில் இதனைப் புறுத்த என்பர். தமிழகத்தில் சில இடங்களிற் பொரசு என்பதும் இதுவே. பலாச மரத்தை அங்குப் புரசு என்று வழங்குதலின், ஒலியொப்புமை கண்டு மயங்குதல் கூடாது. தாவரநூலார் இதற்கிட்ட பெயர் குளோரொக்சிலன் சுவீற்றீனியா. எலுமிச்சையும் தோடையும் சேர்ந்த குடும்பத்தின்பாற்பட்ட மரம் என்பதை அறிவார் சிலரே. இலையைக் கசக்கினால் எழும் மணம் அவ்வுறவை உணர்த்தும்.

அறுத்த முதிரைப் பலகை இளமஞ்சளாகவோ பொன்னிறமாகவோ இருக்கும். காலஞ்செல்ல நிறம் ஆழும். ஆயினும் நிறத்தினும் சிறந்தது அதன் ஒளியே. பட்டுத்துணியை அசைத்தாற்போலப் பார்க்குங் கோணத்துக்கேற்ப வெளிச்சமும் நிழலும் இடம் மாறும். ஆங்கிலேயர் பட்டுமரம் என்னும் பொருள்படப் பெயரிட்டதும் இதனாலேதான். மேற்கிந்தியத் தீவுகளின் வேறொரு மரத்துக்கு முதலில் வழங்கிய அப்பெயர், பின்னர் நம் முதிரைக்கும் வந்து சேர்ந்தது.

இவ்வொளிக்குக் காரணம் யாது? மரத்தின் இழைகள் ஓரடுக்கில் வலப்புறமும் அடுத்த அடுக்கில் இடப்புறமுமாகச் சாய்ந்து பின்னிக் கிடப்பதே. அழகைத் தருவது எதுவோ, தச்சனைத் துன்புறுத்துவதும் அதுவே. சீவுளியை ஒரு திசையில் தள்ளினால் ஒரு பட்டை வழுவழுப்பாக வரும். அதனை அடுத்த பட்டை சிலாம்பாகக் கிளம்பும். திசையை மாற்றினாலோ முன்னது கிளம்பும். ஆதலின் அலகை அடிக்கடி தீட்டி, மயிரிழையளவே சீவி, இறுதியில் உருக்குத் தகட்டினாற் சுரண்டி முடித்தல் வேண்டும். துளையிடாமல் ஆணி அறைந்தால் ஆணி வளையும், அல்லது பலகை பிளக்கும். பசையும் எளிதிற் பற்றாது.

எடையை நோக்குவோம். காய்ந்த முதிரை கன அடிக்கு ஏறத்தாழ 60 றாத்தல். தேக்கு 40 றாத்தல் அளவே. நீரின் எடை 62 றாத்தலுக்குச் சற்று மேல். எனவே காய்ந்த முதிரை நீரில் மிதந்தும் மிதவாமலும் நிற்கும். பச்சை மரம் மூழ்கிவிடும். வெட்டிய மரத்தை வெயிலிலும் காற்றிலும் திறந்து போட்டால் மேற்பரப்பு வெடிக்கும். நிழலில், பலகைக்குப் பலகை சிறு சட்டம் வைத்து அடுக்கி, முனைகளுக்கு மெழுகோ நிறமைப் பூச்சோ இட்டு, பொறுமையாகக் காயவிடுதல் முறை.

இத்தகைய மரத்தின் வலிமைக்குப் பேராதனையில் ஒரு பெருஞ்சான்று நின்றது. 1833இல், லெப்டினன்ற் கேணல் ஜோன் பிரேசர் என்பார் மகாவலி கங்கைக்குக் குறுக்கே 205 அடி நீளமுள்ள ஒரே வளைவாக முதிரை மரப் பாலமொன்றை அமைத்தார். ஆணி, திருகாணி இன்றி மரங்களையே ஒன்றோடொன்று பொருத்தியது என அக்காலத்தார் வியந்து எழுதினர். கண்டி வீதியின் வண்டிகள் எழுபது ஆண்டுகளுக்கு மேல் அதன்மீது சென்றன. 1905இல் வேறு பாலம் அதனிடத்தைக் கொண்டது.

இனி, கொழும்பு மாளிகாவத்தைக்கு வருவோம். புகையிரத முற்றத்தை ஒட்டிய அப்பகுதியில் மரமென்றால் முதலில் நினைவுக்கு வரத்தக்கது தண்டவாளத்தின்கீழ்க் கிடந்த பாலைச் சிலிப்பர் கட்டை. பாலை முதிரையினும் பாரமானது. மண்ணிற் புதைந்து மழையைத் தாங்கும். அழகு வேண்டாத இடத்துக்கு அது போதும். கதவுக்கும் அலுமாரிக்கும் முதிரை.

மாளிகாவத்தையில் ஓடாவியார் ஒருவர் இன்று முதிரைக்கு எங்கே போவார்? இயற்கைக் காடுகளில் வெட்டு மரத்தொழிலை அரசு 1990இல் நிறுத்தியது. 1998இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் முதிரையை அழிவுக்கு இலக்காகக்கூடிய இனங்களின் வரிசையிற் சேர்த்தது. 2009இல் போர் ஓய்ந்தபின் வன்னிக் காடுகளிற் களவாக முதிரை வெட்டப்படுஞ் செய்திகள் நாளேடுகளில் அடிக்கடி வந்தன. மெல்ல வளரும் இம்மரத்தை ஓரிரவில் வீழ்த்துவோர் அதன் ஈட்டை எண்ணிப் பார்ப்பதில்லை. அனுமதிப் பத்திரமில்லாத மரத்தை மலிவென்று வாங்கும் ஓடாவியார் மரத்தையும் இழப்பார், நீதிமன்றமும் ஏறுவார். ஆகவே, இடிக்கப்படும் பழைய வீடுகளின் நிலைகளும் கதவுகளுமே அவருக்குக் காடு எனலாம். நூறாண்டு காய்ந்த மரம், இனி வளையாது. ஆனால் வாளை வைக்குமுன் பழைய ஆணிகளைத் தேடிப் பிடுங்கவேண்டும். ஒளிந்திருக்கும் ஓர் ஆணி வாளின் பற்களை உடைத்துவிடும். பழைய நிறமைகளில் ஈயம் கலந்திருத்தல் கூடும். ஆதலின் அவற்றைக் காய்ந்தவாறே தேய்த்துத் தூளாக்கலாகாது.

தூளைப் பற்றி விரித்துரைத்தல் அவசியமாகின்றது. முதிரைத் தூள் பட்ட தோல் சிலருக்குச் சிவந்து, தடித்து, அரிக்கும். இதனை வேலை பழகாதவனின் செல்லக்குறை என்று நகைப்பாருளர், அஃது அறியாமை. மரத்திலுள்ள இரசாயனப் பொருள்களே காரணமென மருத்துவர் நூறாண்டுக்கு முன்னரே கண்டனர். ஒருமுறை ஒவ்வாமை கொண்ட உடல் பின்னர்ச் சிறிதளவு தூளுக்கும் கொதித்தெழக்கூடும். பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகாமை, மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் விளைப்பனவற்றுள் ஒன்றாக 1995இல் வகைப்படுத்தியது. மாளிகாவத்தை போன்று வீடுகள் நெருங்கிய இடத்தில் ஒருவர் அறுக்குந் தூளை அடுத்த வீட்டுக் குழந்தையும் சுவாசிக்கும். முகக்கவசம் அணிதல், தூளை ஈரத்துணியால் துடைத்தெடுத்தல், வேலை முடிந்ததும் கைகழுவி உடைமாற்றி அதன்பின் உணவுக்கமர்தல் ஆகியவை செலவு மிகுந்த செய்கைகளல்ல. வேலை பழக வந்த பையனுக்கு முதலிற் கற்பிக்கவேண்டியது சீவுளி பிடிப்பதன்று, இதுவே.

வாங்குவோரும் ஏமாறுதல் கூடாது. மலிவான மரத்துக்கு மஞ்சட் சாயமேற்றி முதிரையென விற்றலும் உண்டு. கதவின் அடியோரத்திற் சாயம் படாத இடத்தைப் பாருங்கள், பலகையைச் சாய்த்து ஒளி மாறுகின்றதா என நோக்குங்கள், தூக்கியும் பாருங்கள். ஆறரை அடி உயரமும் மூன்றடி அகலமும் ஒன்றரை அங்குலத் தடிப்பும் உள்ள முழுப்பலகைக் கதவு முதிரையானால் ஏறத்தாழ 146 றாத்தல் நிறுக்கும். தேக்கானால் நூறுக்குச் சற்றுக் குறையும். அப்பாரத்தை இரு பிணைச்சலில் தொங்கவிட்டால் சில ஆண்டுகளிற் கதவு தாழ்ந்து நிலத்தில் உரசும். மூன்று பிணைச்சலாவது பூட்டி, திருகாணிக்கு முன்கூட்டியே துளையிட்டு, சிறிது மெழுகு தடவி முறுக்குதல் நன்று.