சித்திரவதை உத்தியோகமா?

(மாணவர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

நான் வங்கிக் குமாஸ்தா. பணம் எண்ணிக் கொடுப்பது என் வேலை. வாடிக்கையாளர் ஒருத்தர் மண்டையை லெட்ஜரால் உடைச்சிட்டு, ‘ஆபீஸ் நேரத்துல, ஆபீஸ் லெட்ஜராலதான் அடிச்சேன், அது உத்தியோகக் கடமை’ன்னு நான் சொன்னா நீங்க சிரிப்பீங்க. சிலி நாட்டு முன்னாள் சர்வாதிகாரி பினோசெட்டின் வழக்கறிஞர்கள் லண்டனில் கிட்டத்தட்ட இதைத்தான் சொன்னார்கள். யாரும் சிரிக்கவில்லை. 1998 அக்டோபர் 28ல் உயர்நீதிமன்றம் அதை ஒப்புக்கொள்ளவே செய்தது.

1973 செப்டம்பர் 11ல் ராணுவத்தை ஏவி ஆட்சியைப் பிடித்து, 1990 வரை ஆண்டவர் அவர். 3,000க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள், காணாமல் ஆக்கப்பட்டார்கள். சிகிச்சைக்கு லண்டன் போனவரை, ஸ்பெயின் நீதிபதி கார்சோன் அனுப்பிய வாரண்டின் பேரில் 1998 அக்டோபர் 16ல் கைது செய்தார்கள். ‘நாட்டுத் தலைவராக இருந்து செய்ததை அந்நிய நீதிமன்றம் கேட்க முடியாது’ என்பது அவர் தரப்பு வாதம்.

வழக்கு பிரபுக்கள் சபைக்குப் போனது. 1999 மார்ச் 24ல் ஏழு நீதிபதிகளில் ஆறு பேர் அவருக்குப் பாதுகாப்பு இல்லை என்றார்கள். சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையை ஏற்ற நாடுகளுக்கிடையே, அந்தக் குற்றத்துக்குப் பதவியைக் கேடயமாகப் பிடிக்க முடியாது. வேடிக்கை என்னன்னா, 1988ல் அந்த உடன்படிக்கையைச் சிலிக்காக ஏற்றது பினோசெட்டின் அரசேதான்!

ஆனால் தீர்ப்பில் ஒரு தேதி இருந்தது. 1988 டிசம்பர் 8க்குப் பிறகு நடந்த சித்திரவதைக்கு மட்டும்தான் பாதுகாப்பு நீங்கும். கொன்று குவித்த 1973 வெளியே நின்றது. சிலியிலோ, 1978ல் அவர்களே போட்டுக்கொண்ட மன்னிப்புச் சட்டம் அந்த வருஷங்களை மூடி வைத்திருந்தது.

மூடியைத் திறந்தது காணாமல் போனவர்களின் குடும்பங்கள். படத்தை நெஞ்சில் குத்திக்கொண்டு, ‘எங்கே இருக்கிறார்கள்?’ என்று வருஷக்கணக்காகத் தெருவில் கேட்டார்கள். நீதிபதி குஸ்மான் அந்தக் கேள்வியைச் சட்டமாக்கினார். உடல் கிடைக்கவில்லையா? அப்படியானால் ஆள்கடத்தல் இன்னும் முடியவில்லை. முடியாத குற்றத்துக்கு 1978லேயே எப்படி மன்னிப்பு?

2000 மார்ச்சில், உடல்நலம் இல்லையென்று பிரிட்டிஷ் அரசு அவரை விட்டுவிட்டது. சாந்தியாகோ விமான நிலையத்தில் சக்கர நாற்காலியிலிருந்து எழுந்து நடந்தார். ஆனால் அதே ஆகஸ்டில் சிலி உச்சநீதிமன்றம் அவருடைய செனட்டர் பாதுகாப்பைப் பறித்தது.

2006 டிசம்பர் 10ல், மனித உரிமை நாளன்று, தண்டனை பெறாமலே செத்தார். அவருடைய உளவுத்துறைத் தலைவர் கொன்ட்ரேராஸ் 2015ல் கைதியாகவே செத்தார்.

மாணவத் தோழர்களே, யாரைப் பிடித்துக்கொண்டு போனாலும் தேதி, வண்டி எண், பார்த்தவர் பெயர் எல்லாத்தையும் எழுதி வையுங்க. இருபத்தைந்து வருஷம் கழிச்சும் அது நீதிமன்றத்துல பேசும்.