நாரும் குடலும்



உடப்புத் திரௌபதை அம்மன் ஆடி விழாக் காலத்திலே நம் இல்லங்களில் மச்சம் நீங்கி, மரக்கறியும் பயறும் கீரையும் மிகும். பந்தியில் ஒருவர் "கீரை வேண்டாம்" என்றால், "வயிற்றுக்கு நல்லது, சாப்பிடும்" என்று வற்புறுத்துகிறோம். நன்மை நினைத்தே செய்கிறோம்; ஆயினும் சிலருக்கு அது தீங்காய் முடிகிறது.

நார்ச்சத்துக் குடலுக்குக் காவல் என்பது மெய்யே. உகண்டாவிற் பல்லாண்டு பணியாற்றிய அறுவை வைத்தியர் டெனிஸ் பேர்க்கிற் 1970களில் இதனை உலகறியச் செய்தார். ஆனால் எல்லார் குடலும் ஒரு தன்மையன அல்ல. நியூயோர்க்கில் பரில் குரோனும் உடன் பணியாற்றிய இருவரும் 1932ஆம் ஆண்டில் விவரித்த குரோன் நோயில், குடற்சுவர் அழன்று தடிக்கும். சிலருக்கு வழியே ஒடுங்கிவிடும். அத்தகையோர் பனங்கிழங்கையோ முருங்கைக்காய்ச் சக்கையையோ விழுங்கினால், கரையாத நார் ஒடுங்கிய இடத்திற் சிக்கி வலியும் வாந்தியும், சிலவேளை அடைப்பும் உண்டாகலாம்.

அழற்சி தணிந்து, ஒடுக்கமும் இல்லாதவர்க்கோ நார் பகையன்று. வாழைப்பழம், ஓட்ஸ், தோல் சீவி நன்கு அவித்த கரட் இவற்றிலுள்ள கரையும் நார் நீரில் இளகும். பெருங்குடல் நுண்ணுயிர்கள் அதனைப் புளிக்கச்செய்து குடற்சுவருக்கே உணவாக்கும். வைத்தியரின் யோசனைப்படி சிறிது சிறிதாகக் கூட்டுவதே முறை.

ஆகவே, மறுப்பவரை வற்புறுத்தாதிருப்போம். மலத்தில் இரத்தம் கண்டால், மூலமென்று நாமே தீர்மானித்து வெட்கத்தால் மறைக்காது, சிலாபம் அல்லது புத்தளம் வைத்தியசாலையை நாடுவோம். உடலுக்கு மாறுபடாததை அளவறிந்து உண்ணுமாறு 'மருந்து' அதிகாரத்தில் வள்ளுவர் வகுத்த நெறியும் இதுவே.